ஸ்விட்ச் 2 கருவியை ‘ஹக்’ பண்ண முடியுமா? கண்டியில் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

நிண்டெண்டோ நிறுவனம் ஸ்விட்ச் 2 என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை 2025 ஜூன் 5ஆம் திகதி வெளியிட்டது. முதல் நான்கு நாட்களில் மட்டும் உலகெங்கும் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கருவிகள் விற்பனையாகின. நிண்டெண்டோவின் இணையக் கடை சேவை வழங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே கண்டிக்கு இந்தக் கருவி இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, வெளிநாட்டிலிருந்து தருவித்து விற்கும் கடைகள். மற்றது, ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவுகளின் பயணப்பெட்டி.

பெட்டியைத் திறந்த சில நாட்களிலேயே பிள்ளைகள் கேட்கும் கேள்வி, “இதை ஹக் பண்ணலாமா?” என்பதுதான். அதற்குக் காரணம் விலை. அமெரிக்காவில் கருவியின் அறிமுக விலை 449.99 டொலர். ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ என்ற ஒரு விளையாட்டு மட்டும் 79.99 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டாலும், வரியும் கடைக்காரரின் இலாபமும் சேராமல் கருவி 135,000 ரூபா, விளையாட்டு 24,000 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளத்தின்படி, கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒருவரின் நூறு நாள் உழைப்புக்கு இந்தக் கருவி சமமாக இருந்தது. ஒரு விளையாட்டுக்குப் பதினெட்டு நாள்.

ஆகவே இலவசமாக விளையாடும் வழி தேடுவதை வெறும் குறும்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த வழி இருக்கிறதா, இருந்தால் அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பூட்டு எங்கே இருக்கிறது?

இத்தகைய கருவிகள் எல்லா மென்பொருளையும் இயக்குவதில்லை. நிறுவனத்தின் இரகசியச் சாவியால் கையொப்பமிடப்பட்ட மென்பொருளை மட்டுமே அவை ஏற்கும். அந்தச் சரிபார்ப்பை ஏமாற்றும் ஒரு குறைபாட்டைக் கண்டுபிடிப்பதையே ‘ஹக்’ என்கிறோம்.

அதிலும் படிகள் உண்டு. ஒரு செயலிக்குள் மட்டும் நுழைவது வீட்டு விறாந்தைக்கு வருவதைப் போன்றது. இயங்குதளத்தின் மையத்தைக் கைப்பற்றினால் வீட்டுக்குள் நுழைந்தாயிற்று. கருவி உயிர்பெறும்போது முதலில் ஓடும் ‘பூட்ரொம்’ பகுதியில் குறை கண்டுபிடித்தால் வீட்டுச் சாவியே கைக்கு வந்துவிடும். பூட்ரொம் தொழிற்சாலையிலேயே சிப்பில் பதிக்கப்படுவது. விற்ற பின்னர் இணையத்தின் ஊடாக அதைத் திருத்த முடியாது.

கதவு திறந்த பின்னர் இரண்டு காரியங்கள் நடக்கலாம். ஆர்வலர்கள் தாமே எழுதிய மென்பொருட்களை இயக்குவது ஒன்று. களவுப் பிரதிகளை விளையாடுவது மற்றது. இரண்டுக்கும் கதவு ஒன்றுதான்.

முந்திய கருவிகளின் வரலாறு

சோனியின் பி.எஸ்.பி. 2004 டிசெம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் முதல் மென்பொருள் பதிப்பு கையொப்பத்தைச் சரியாகச் சோதிக்கவில்லை. சில மாதங்களிலேயே அது திறக்கப்பட்டது. பின்னர், திருத்தியமைத்த பற்றரி ஒன்றைச் செருகி அதைத் திறக்கும் முறையும் 2007இல் வந்தது.

நிண்டெண்டோ 3டி.எஸ். 2011 பெப்ரவரியில் வெளிவந்தது. ‘கியூபிக் நிஞ்ஜா’ என்ற, அதிகம் பேர் அறியாத விளையாட்டொன்றில் இருந்த குறைபாட்டினால் 2014 நவம்பரில் ஆர்வலர்கள் எழுதிய மென்பொருட்களுக்கு அதன் கதவு திறந்தது. 2011 டிசெம்பரில் வந்த பி.எஸ். வீட்டா 2016 ஜூலை வரை, ஏறத்தாழ நாலரை ஆண்டுகள், தாக்குப்பிடித்தது.

2017 மார்ச்சில் வந்த முதலாவது ஸ்விட்ச் கருவியின் கதை வேறு. அதிலிருந்த என்விடியா சிப்பின் பூட்ரொம்மிலேயே குறை இருந்ததை ஆய்வாளர்கள் 2018 ஏப்ரலில் பகிரங்கப்படுத்தினர். மீட்பு நிலையில் யூ.எஸ்.பி. வழியாகத் தகவல் அனுப்பியே கருவியைக் கைப்பற்ற முடிந்தது. அதுவரை விற்கப்பட்ட கருவிகளில் நிறுவனம் அதைத் திருத்த வழியே இருக்கவில்லை. 2018 நடுப்பகுதியிலிருந்து தயாரிக்கப்பட்ட கருவிகளில்தான் அந்தக் குறை நீக்கப்பட்டது. அதற்குப் பிந்திய கருவிகளைத் திறப்பதற்கு உள்ளே நுண்ணிய சிப் ஒன்றை ஈயப்பற்று வைத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

அந்தச் சிப்களை விற்ற ‘டீம் எக்ஸிகியூட்டர்’ குழுவைச் சேர்ந்த கேரி பௌசர் என்ற கனேடியருக்கு 2022 பெப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நிண்டெண்டோவுக்குப் பல மில்லியன் டொலர் செலுத்தும் கடனும் அவர் தலையில் விழுந்தது. 2024இல் ‘யூசு’ என்ற ஸ்விட்ச் எமியூலேட்டரை உருவாக்கியோர் 24 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டனர்.

ஸ்விட்ச் 2: இன்றைய நிலை

கருவி வெளிவந்த மறுநாளே டேவிட் புக்கானன் என்ற ஆய்வாளர் அதில் தனது குறியீட்டை ஓடவிட்டு, திரையில் ஒரு கோலத்தைக் காட்டினார். “ஒரே நாளில் ஹக்” என்று செய்திகள் பறந்தன. ஆனால் அவர் நுழைந்தது விறாந்தை வரைதான். அதனால் நடைமுறைப் பயன் எதுவும் இல்லை என்பதை அவரே கூறினார்.

அடுத்து வந்தது ‘மிக் ஸ்விட்ச்’ என்ற வெற்றுக் கட்ரிட்ஜ். இது கருவியைத் திறப்பதில்லை. மெமரி கார்ட்டில் உள்ள பிரதியை அசல் கட்ரிட்ஜ் போலக் காட்டி ஏமாற்றுகிறது. ஸ்விட்ச் 2இல் அது இயக்கியது பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளை மட்டுமே. அதைப் பயன்படுத்தியோரின் கருவிகளுக்கு 2025 ஜூன் மாதத்திலேயே தடை விழுந்தது. 2124-4508 என்ற பிழை இலக்கம் திரையில் வந்தால், அந்தக் கருவி நிண்டெண்டோவின் இணையச் சேவைகளிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது என்று பொருள்.

பி.எஸ்.பி. காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். அன்று கருவி தனித்து நின்றது. இன்று அது நிறுவனத்தின் சேவையகத்தோடு தொப்புள்கொடியால் இணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அசல் கட்ரிட்ஜிலும் தனித்துவமான சான்றிதழ் ஒன்று உண்டு. ஒரே சான்றிதழ் இரண்டு இடங்களில் தோன்றினால் சேவையகத்துக்குத் தெரிந்துவிடும். புதிய விளையாட்டுகள் சில, பெட்டியில் சாவி அட்டையை மட்டும் கொண்டுள்ளன. விளையாட்டை முதலில் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். போதாததற்கு, 2025 மே மாதம் திருத்தப்பட்ட அமெரிக்கப் பயனர் உடன்படிக்கையில், விதியை மீறினால் கருவியை முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்று நிறுவனம் எழுதிவைத்துள்ளது.

எதிர்காலத்தில் இது திறக்கப்படுமா? வரலாற்றைப் பார்த்தால், என்றோ ஒருநாள் திறக்கப்படும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் பழைய ஸ்விட்ச்சின் பூட்ரொம் குறை ஓர் அபூர்வ விபத்து. வீட்டாவைப் போல ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இன்றைக்கு எந்தக் கடையாவது “ஸ்விட்ச் 2 அன்லொக் செய்து தருகிறோம்” என்று காசு கேட்டால், அது பெரும்பாலும் மேலே சொன்ன கட்ரிட்ஜாகவோ வெறும் ஏமாற்றாகவோ இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமையைப் பாதுகாக்கிறது. பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டை முறியடிப்பதற்கென்றே செய்யப்பட்ட சாதனங்களை விற்பனைக்காகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் அச்சட்டத்தின் கீழ் உரிமை மீறல். வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. ‘சும்மா ஒரு சிப் விற்றேன்’ என்பது எதிர்வாதமாகாது. பகுதிநேரமாகக் கைபேசி திருத்தும் இளைஞர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

இரண்டாம் கை ஸ்விட்ச் 2 வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே வைஃபையில் இணைத்து, இணையக் கடை திறக்கிறதா என்று பாருங்கள். தடைசெய்யப்பட்ட கருவி வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருக்கும். வெளிநாடுகளில் அப்படி வாங்கி ஏமாந்தோர் உள்ளனர்.

இரண்டாம் கை கட்ரிட்ஜுக்கும் இது பொருந்தும். முந்திய உரிமையாளர் அதைப் பிரதி எடுத்திருந்தால் சிக்கல் உங்கள் கருவிக்கு வரலாம். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

மென்பொருள் எழுதிப் பழக விரும்பும் பிள்ளைக்கு, கைவிடப்பட்ட பழைய பி.எஸ்.பி. அல்லது 3டி.எஸ். ஒன்றே போதும். 3டி.எஸ்.இன் இணையக் கடையை நிண்டெண்டோ 2023 மார்ச்சில் புதிய கொள்வனவுகளுக்கு மூடிவிட்டது. இழப்பதற்கு அதிகம் இல்லை. களவுப் பிரதிகளைத் தொடாமலே கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

காசு கொடுத்து வாங்கிய பொருள் முழுமையாக நம்முடையதா என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. அது நியாயமான கேள்வி. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது நம் சனம். ஒரு பொருளைக் கழற்றி, தன் தேவைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வானொலியைத் தூரத்திலிருந்து எவரும் அணைக்க முடியாது. இந்தக் கருவியை முடியும்.

ஸ்விட்ச் 2இல் ‘கேம்சட்’ என்ற வசதி உண்டு. பன்னிரண்டு பேர் வரை பேசிக்கொண்டே விளையாடலாம். 1977இலும் 1983இலும் பின்னர் போரினாலும் சிதறிய குடும்பங்களில், கண்டியில் ஒரு பிள்ளையும் பாரிஸில் அதன் ஒன்றுவிட்ட சகோதரமும் ஒரே விளையாட்டுக்குள் சந்திக்கின்றன. தடை விழுந்தால் முதலில் அறுவது அந்த இணைப்புத்தான். பெரியப்பா அனுப்பிய கருவியை ‘அன்லொக்’ செய்யக் கடைக்குக் கொண்டுபோகும் முன், இதையும் பிள்ளையோடு பேசிக்கொள்ளுங்கள்.