கற்பனைக்கும் ஒரு பயிற்சிக்கூடம்

இல்லாத உலகத்தை வரைகிறவர் தனியறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் மனதுக்குள்ளிருந்தே எடுக்கிறார் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். கடற்கன்னிக்கும் டிராகனுக்கும் மாடல் எங்கே கிடைக்கும்? ஆனால் அமெரிக்காவில் மாயக்கதை ஓவியம் ஒரு தொழிலாக வளர்ந்த வரலாறு இந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. மாசசூசெட்ஸின் ஆம்ஹர்ஸ்ட் நகரில் 2008-இல் ஓவியர் ரெபெக்கா குவே தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேஷன் மாஸ்டர் கிளாஸ்’ ஒரு வாரப் பட்டறை. கையளவு வரைவுகளை எல்லோர் முன்னும் வைத்துக் குறை கேட்பது, திருத்துவது, உடையணிந்த ஆளை நிறுத்திப் படம் எடுப்பது, அதன் பிறகே வண்ணத்தைத் தொடுவது என்று அங்கே வேலை நடந்தது. இந்த வரிசைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட பூர்வீகம் உண்டு. 1898 கோடையில் பென்சில்வேனியாவின் சாட்ஸ் ஃபோர்டு கிராமத்தில் ஹோவர்ட் பைல் கூட்டிய மாணவர் குழுவில் அதன் வேர் இருக்கிறது. கற்பனையைப் பலர் நடுவில், கண்ணால் கண்ட பொருளைக் கொண்டு பழக்க முடியும் என்பதே அந்தக் குழு நிறுவிக் காட்டியது.

பைல் (1853–1911) டெலவேரின் வில்மிங்டனைச் சேர்ந்தவர். 1883-இல் ராபின் ஹூட் கதைகளைத் தாமே எழுதி, தாமே படமும் வரைந்து வெளியிட்டவர். 1894 முதல் ஃபிலடெல்ஃபியாவின் ட்ரெக்ஸல் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வருடக்கணக்கில் நகலெடுக்கும் கலைப்பள்ளி முறை அவருக்கு ஒத்துவரவில்லை. கை தேர்கிறது, கற்பனை படுத்துவிடுகிறது என்பது அவர் குறை. தேர்ந்தெடுத்த மாணவர்களைக் கோடையில் பிராண்டிவைன் ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனார். ஒரு மாவு ஆலையே அவர்களுக்கு ஓவியக்கூடம். 1777-இல் வாஷிங்டனின் படை ஆங்கிலேயரிடம் தோற்ற போர்க்களம் அந்த ஆற்றங்கரையே. பழைய காலத்து உடையில் மாடலை வெட்டவெளியில் நிறுத்தி, வெயில் துணியில் எப்படி விழுகிறது என்று பார்த்து வரைந்தார்கள். 1900-இல் ட்ரெக்ஸலை விட்டு விலகி வில்மிங்டனில் சொந்தப் பள்ளி தொடங்கியபோது அவர் கல்விக் கட்டணம் வாங்கவில்லை.

அந்தப் பள்ளியின் உயிர்நாடி திங்கட்கிழமை மாலை விமர்சனம். மாணவர்கள் கரிக்கோலில் வரைந்த காட்சி அமைப்புகள் சுவரில் வரிசையாக நிற்கும். பைல் ஒவ்வொன்றாகப் பேசுவார். 1904-இல் மாணவிகள் எழுதிவைத்த குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. அடிதடியின் உச்சத்தை வரைவது வெறும் நாடகத்தனம், அதற்கு முந்திய கணமோ பிந்திய கணமோதான் பார்ப்பவரைப் பிடித்து நிறுத்தும் என்பது அவற்றில் வரும் ஒரு பாடம். 1902-இல் வந்து சேர்ந்த என்.சி. வைத் அதைக் கற்றுக்கொண்டார் என்பதற்கு ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலுக்கு 1911-இல் அவர் வரைந்த ஓவியங்களே சாட்சி. கூட்டாளிகள் ஓடிவிட, நிலவொளியில் குருடன் பியூ தன்னந்தனியாகச் சாலையில் கைத்தடியோடு தடுமாறுகிறான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை; ஆனாலும் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பைலின் இந்த முறைக்கு மறுப்புகள் உண்டு. பைல் வரைந்த கடற்கொள்ளையர் உடைக்கு, அதாவது தலைத்துணிக்கும் இடுப்பில் சுற்றிய பட்டைக்கும், வரலாற்று ஆதாரம் மிகக் குறைவு. பெரும்பாலும் அவரே புனைந்தது. அப்படியானால் கண்ணால் கண்டதை வரை என்ற போதனை என்ன ஆயிற்று? உடை புனைவுதான், ஆனால் அந்தத் துணியில் விழும் மடிப்பும், சாயும் கப்பல் தளத்தில் ஊன்றிய காலின் பாரமும் பார்த்து அறிந்தவை. அதனால்தான் சினிமாவும் அந்த உடையை அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்த மறுப்பு ஓவியர் ஃபிராங்க் ஃபிரசெட்டா. 1960-களில் கோனன் கதைநூல்களின் அட்டைப்படங்களால் புகழ்பெற்ற அவர் மாடல் இல்லாமல், மனதிலிருந்தே வரைவதாகச் சொன்னவர். ஆனால் சிறுவயதிலேயே புரூக்ளினில் ஓவியப் பள்ளிக்குப் போனவர், உடற்கூறைக் கரைத்துக் குடித்தவர். மனதிலிருந்து எடுக்க, அங்கே முன்பே ஏதாவது சேர்ந்திருக்க வேண்டும்.

குருவின் சாயலே எல்லோர் மேலும் படியும் என்ற மூன்றாவது மறுப்பில் உண்மை இருக்கிறது; பல மாணவர்களின் தொடக்க காலப் படங்களில் பைலின் கை தெரிகிறது. ஆயினும் வைத்தின் முரட்டு வண்ணமும், ஜெஸ்ஸி வில்காக்ஸ் ஸ்மித்தின் குழந்தைகளும், வயலட் ஓக்லியின் சுவரோவியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இன்னொரு மாணவரான ஹார்வி டன் நியூ ஜெர்சியின் லியோனியாவில் தாமே பள்ளி நடத்தி, பைலை ஒருபோதும் காணாத டீன் கார்ன்வெல் போன்றவர்களிடம் இந்த முறையைச் சேர்த்தார். அங்கே கைமாறியது பாணியைவிட, படத்தைச் சோதிக்கும் பழக்கம்தான்.

பைலின் மாணவர்களுக்குப் பல வருடங்களில் வாய்த்ததை ஆம்ஹர்ஸ்ட் போன்ற ஒரு வாரப் பட்டறை தந்துவிடும் என்று யாரும் வாதிட முடியாது. கை பழக வருடங்கள் தேவை. பட்டறை அதைக் குறுக்க முடியாது. ஆனால் தவறான கணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் மேல் வாரக்கணக்கில் வண்ணம் பூசும் வீண் உழைப்பை அது தடுக்கும். ஆகவே பட்டறையை முடிந்த ஓவியத்தைக் கொண்டு எடைபோடுவது சரியல்ல. முதல் நாள் வரைவு மறுநாள் எவ்வளவு மாறியது என்று பார்ப்பதே நியாயமான அளவுகோல்.