குழந்தைப் பாதுகாப்பு மதிப்பீடு
ஒரு குழந்தைக்கு உடனடி ஆபத்து உள்ளதா, பின்னர் தீங்கு நேரக்கூடுமா என ஆராயும் சமூகப்பணி முறை. குழந்தை இன்றிரவு தன் வீட்டில் தங்கலாமா என்பதை முதல் கேள்வியும், குடும்பத்துக்கு எத்தகைய தொடர் உதவி வேண்டும் என்பதை அடுத்ததும் தீர்மானிக்கின்றன.

இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டம், 2015 இதற்கு அடிப்படை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழுவின்முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணையை 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். குழு 4 மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கும்.

விசாரிப்பவர் குழந்தையிடம் தனியே பேசுவார். காயமும் பெரியவர்கள் கூறும் காரணமும் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பார். தவழத் தொடங்காத கைக்குழந்தையின் உடலில் கன்றிய தடம் இருப்பது முக்கிய எச்சரிக்கை அறிகுறி. ஆனாலும் குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கோட்பாடு.