எடுத்து வைத்த தாய்ப்பால்: வேலைக்குத் திரும்பும் வன்னித் தாய்மாருக்கு

மகளுக்கு மூன்றரை மாதமானபோது மீண்டும் செய்தி சேகரிக்கப் புறப்பட்டேன். முல்லைத்தீவில் ஒரு காணிப் பிரச்சினை. பரந்தன் வீதியால் பஸ்ஸில் போய், மக்களோடு கதைத்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. மார்பு கல்லுப்போல் கட்டி, சட்டை நனைந்தது. பக்கத்திலிருந்த ஓர் அலுவலகத்தில் ஒதுக்குப்புறமாக இடம் கேட்டேன். மலசலகூடத்தைக் காட்டினார்கள். அங்கே நின்று பாலை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வந்தேன். அதே நேரம் கிளிநொச்சியில் என் அம்மா பேத்திக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார்.

அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2009இல் மாத்தளனில், அக்காவின் ஐந்து மாதப் பிள்ளைக்காக ஒரு பால்மா டின் தேடி அலைந்தவர் அவர். வீட்டில் டின் இருந்தால் பிள்ளை பட்டினி கிடக்காது என்பது அந்த நாட்கள் அவருக்குத் தந்த பாடம். "பழசாப்போன பாலை ஏன் பிள்ளைக்குக் குடுக்கப்போறாய்? ஒரு டின் வாங்கி வையன் பிள்ளை" என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு மீண்டும் வரிசையில் நின்றோம். தேவைப்படும் நேரத்தில் டின் கைவிட்டதை அம்மாவே இரண்டு தடவை கண்டுவிட்டார்.

விடுமுறைக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டு உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பதே சுகாதாரத் துறையின் அறிவுரை. 2016 குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தனர். ஆனால் தனியார் துறையில் மகப்பேற்று விடுமுறை 84 வேலை நாட்கள். அதில் பிரசவத்துக்குப் பின் கிடைப்பது 70. ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போகும் தாய் திரும்பும்போது பிள்ளைக்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். இந்த இடைவெளியை நிரப்புவது எடுத்து வைத்த பால்.

சட்டம் இன்னொன்றையும் தருகிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. வேலைத்தலத்தில் குழந்தை பராமரிப்பு நிலையம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். இது சாப்பாட்டு இடைவேளைக்கு மேலதிகமானது. 2018 திருத்தத்தின் பின் கடை, அலுவலகப் பணியாளருக்கும் இது பொருந்தும். வீடு தொலைவென்றால் அந்த நேரத்தைப் பால் எடுக்கக் கேளுங்கள். மறுத்தால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம். என்னைப்போன்ற சுயாதீன ஊடகவியலாளருக்கும் நாட்கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் நடைமுறையில் இந்த நேரம் இல்லை. எங்களுக்கு எடுத்து வைப்பது ஒன்றே வழி.

பால் எடுப்பது

விலைகூடிய பம்ப் தேவையில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இளஞ்சூட்டுத் துணியால் மார்பை ஒற்றுங்கள். காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் பின்னால் ஒரு பக்கம் பெருவிரல், எதிர்ப்பக்கம் சுட்டுவிரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமத்தி, விடுங்கள். காம்பை இழுக்கவோ தோலைத் தேய்க்கவோ கூடாது. முதல் நிமிடங்களில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். இரண்டு பக்கமும் மாறிமாறி எடுக்க 20 முதல் 30 நிமிடம் ஆகலாம். வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பே பழகுங்கள். வேலைத்தலத்தில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது எடுத்தால் மார்பு கட்டாது, சுரப்பும் குறையாது.

எவ்வளவு நேரம் வைக்கலாம்

கொதிநீரில் அவித்த, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் ஒரு தடவைக்குத் தேவையான 60 முதல் 120 மில்லிலீற்றர் வரை ஊற்றி, எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள்.

- 25 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைந்த வெப்பத்தில்: 4 மணித்தியாலம்.
- பிறிட்ஜின் உட்பக்கத்தில், கதவுத் தட்டில் அல்ல: 4 நாட்கள்.
- தனிக் கதவுள்ள உறைகுளிர்ப் பெட்டியில்: 6 மாதம்.
- உறைந்த ஐஸ் பொதிகளோடு மூடிய குளிர்ப்பெட்டியில்: 24 மணித்தியாலம்.

எங்கள் தகரக் கூரை வீடுகளில் சித்திரை மாத மதியம் 25 பாகையில் நிற்பதில்லை. ஆகவே வெளியில் வைத்த பாலுக்கு 4 மணித்தியாலத்தை முழுதாக எடுக்காமல், முதலில் அதைக் கொடுத்து முடிப்பது நல்லது. மண்பானைத் தண்ணீருக்குள் வைத்தால் கொஞ்சம் குளிரும். ஆனால் அது பிறிட்ஜுக்கு ஈடாகாது. மின்சாரம் நின்றால் பிறிட்ஜைத் திறக்காதீர்கள், நாலு மணித்தியாலம்வரை குளிர் தாங்கும்.

எங்கள் வீட்டில் அப்போது பிறிட்ஜ் இல்லை. முதல் மாதம் பக்கத்து வளவில் இருக்கும் மச்சாளின் பிறிட்ஜில் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறிட்ஜ் கிடைக்காத நாளில், மீன் படாத புது றெஜிபோம் பெட்டியில் நிறைய ஐஸ் போட்டு வைத்தேன். ஐஸ் கரைந்துவிட்டால் அந்தப் பெட்டியை நம்பக்கூடாது.

பிள்ளைக்குக் கொடுப்பது

பாலை அடுப்பில் காய்ச்சக்கூடாது. மைக்ரோவேவிலும் வைக்கக்கூடாது. போத்தலை இளஞ்சூட்டு நீருக்குள் வைத்தால் போதும். மேலே ஆடை பிரிந்து நிற்பது பழுதல்ல, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சிலரின் பாலில் சவர்க்காரம்போல் ஒரு மணம் வரும், அதுவும் கேடில்லை. புளித்த நாற்றம் வந்தால் ஊற்றிவிடுங்கள். குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். உறையவைத்து இளக்கியதை மறுபடி உறையவைக்கக்கூடாது.

சூப்பிப் போத்தலை விடக் கிண்ணம் நல்லது. கழுவுவது சுலபம், பிள்ளை மார்பை மறக்கவும் மாட்டாது. பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கிண்ண விளிம்பைக் கீழுதட்டில் தொடவிடுங்கள். பிள்ளையே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றினால் புரைக்கேறும்.

இதை அம்மாவுக்குப் பழக்கியது நானல்ல, எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர். வீட்டுக்கு வந்தவர் கிண்ணத்தை அம்மாவின் கையில் கொடுத்து, "நீங்களே குடுத்துப் பாருங்கோ அம்மா" என்றார். மகள் குடித்து முடித்தாள். குளிர்ந்த பாலால் சளி பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா அதற்குப் பிறகு டின்னைப் பற்றிக் கதைக்கவில்லை.

வன்னியில் பல இளம் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அம்மா இல்லை. போர் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. அப்படியானவர்கள் விடுமுறை முடியுமுன்பே குடும்பநல உத்தியோகத்தரையோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சிகிச்சை நிலையத்தையோ நாடுங்கள். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும், பிள்ளையின் நிறை கூடாவிட்டாலும், சிறுநீர் குறைந்தாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். வைத்தியரே பால்மா எழுதித் தந்திருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், பால் எடுக்க இடமில்லாததால் மட்டும் ஒரு தாய் டின்னுக்குப் போகக்கூடாது. முதலாளிமாரே, அலுவலக அதிகாரிகளே, கதவு பூட்டக்கூடிய ஒரு சின்ன அறையும் ஒரு கதிரையும்தான் நாங்கள் கேட்பது.