களிமண் பொம்மைக்குப் பெயர் இல்லை

மும்பையில் குழந்தைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போவது என்றால் பெரும்பாலும் கோட்டைப் பகுதியில் இருக்கும் குவிமாடக் கட்டடத்துக்குத்தான். 1905-ல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டியது. 1914-ல் கட்டி முடித்தும், உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையாக இருந்துவிட்டு, 1922 ஜனவரியில்தான் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. இன்று அதற்குச் சத்ரபதி சிவாஜியின் பெயர். அங்கே சிலை, நாணயம், நுண்ணோவியம் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அருமையும் பழமையும் இருந்தால்தான் ஒரு பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகலாம் என்று தோன்றிவிடும். தாராவியின் பானையையும் தோல்பையையும் இட்லிக் கொப்பரையையும் அந்த வரிசையில் வைக்கலாமா என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். ஆனால் இந்த ஊரில் மியூசியம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் அந்தச் சிரிப்புக்கு ஆதாரம் இல்லை. பம்பாயின் முதல் மியூசியம் பழம்பொருள் கூடமாகப் பிறக்கவில்லை. அது சரக்கு மாதிரிகளின் கிடங்காகப் பிறந்தது. அந்த மரபுக்கு நேர் வாரிசு தேடினால் தாராவிக்குத்தான் வரவேண்டும்.

1855-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. அதற்கு அனுப்ப பம்பாய் மாகாணம் முழுவதிலுமிருந்து மூலப்பொருள்களும் கைத்தொழில் பண்டங்களும் திரட்டப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது. 1857-ல் கோட்டைக்குள் ஒரு பழைய படைவீட்டில் திறந்த அரசு மியூசியத்துக்கு முதல் இருப்பு அதுதான். எந்த ஜில்லாவில் என்ன நெய்கிறார்கள், எந்த மண்ணில் பானை வனைகிறார்கள், எந்தப் பட்டையில் சாயம் ஏற்றுகிறார்கள் என்பதை வணிகர்களும் அதிகாரிகளும் தெரிந்துகொள்வதே நோக்கம். அதே ஆண்டு சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டு, படைக்கு இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டபோது பல பாழாய்ப்போயின. பிறகு அதன் காப்பாளர் ஜார்ஜ் பேர்ட்வுட்டும் டாக்டர் பாவ் தாஜி லாடும் ஜகன்னாத் சங்கர்சேட் போன்ற தனவந்தர்களும் முயன்று, 1862-ல் அடிக்கல் நாட்டி, 1872 மே 2-ஆம் தேதி பைகுலா தோட்டத்தில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமாக அதை மீண்டும் திறந்தார்கள். 1975-ல் அதற்கு பாவ் தாஜியின் பெயர் வந்தது. 2003-ல் தொடங்கிய சீரமைப்பு 2008-ல் முடிந்தது. இடையில் 2005-லேயே யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.

பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை இருந்ததால் குடும்பங்களின் கூட்டத்துக்குக் குறைவில்லை. சென்னை மியூசியத்தை நடத்திய எட்வர்டு பால்ஃபோர் முன்பே கண்டுகொண்ட தந்திரம் அது. உயிருள்ள விலங்குகளை வைத்தால்தான் மியூசியத்துக்கு ஆள் வரும் என்று 1850-களில் அங்கேயே கூண்டுகளை நிறுவினார் அவர். பின்னாளில் விலங்குகள் வேறிடம் போய்விட, செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்று ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்ததும் அந்தச் சேர்க்கையின் மிச்சம்தான். பைகுலாவில் புலியைப் பார்க்க வந்த குடும்பம் மாடிக்கு ஏறினால் அங்கே களிமண் பொம்மைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூசியத்திலேயே வார்த்து வண்ணம் தீட்டியவை. பம்பாயின் இனங்கள், சாதிகள், தலைப்பாகைகள், தொழில்கள் எல்லாம் கையடக்கத்தில். இன்றும் பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பது இவற்றைத்தான், வேலைப்பாடு அப்படி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குயவர் என்று ஒரு பொம்மை உண்டு, அவர் இன்னார் என்று இல்லை. பண்டத்துக்கு விலைமதிப்பும் தொழிலாளிக்கு ஒரு மாதிரி உருவமும் கொடுத்ததோடு அந்த மியூசியம் நின்றுகொண்டது. செய்தவன் பெயர் எந்த அட்டையிலும் ஏறவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கிறோம் என்றுதான் இன்றைய குடும்ப நிகழ்ச்சிகள் வருகின்றன. வார இறுதியில் களிமண் பிசையலாம், அச்சுக் குத்தலாம். 2015-ல் கோட்டை மியூசியம் ஒரு பேருந்தையே காட்சிக்கூடமாக்கிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 2019-ல் குழந்தைகளுக்கென்றே தனி மியூசியமும் திறந்தது. நல்ல காரியங்கள், குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் ஒரு மணி நேரம் மண்ணில் கைவைத்த பிள்ளைக்குக் குயவரைத் தெரிந்துவிடுமா? சில ரயில் நிலையங்கள் தள்ளி கும்பார்வாடா இருக்கிறது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் 1930-களில் தாராவியில் குடியேறி, இன்றும் பஞ்சுக் கழிவை எரித்துச் சூளை போடுகிறார்கள். தீபாவளி அகலுக்கு நகரமே அவர்களை நம்பியிருக்கிறது. இதைக் காட்ட ஒரு முயற்சி நடக்காமலும் இல்லை. 2016-ல் ஹோர்ஹே மான்யேஸ் ரூபியோ, அமாண்டா பினாத்தி என்ற இருவர், தள்ளிக்கொண்டுபோகும் ஒரு வண்டியையே மியூசியமாக்கி, தாராவியில் செய்த பொருள்களைத் தாராவித் தெருக்களிலேயே காட்டினார்கள். உலகப் பத்திரிகைகள் எழுதின. வண்டி சில மாதம் ஓடி நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு சுகாதாரத்தையும் கலையையும் சேர்த்து நடந்த தாராவி பினாலேயும் அப்படித்தான், வந்துபோன விழா. நிலையாக ஒன்றும் எழவில்லை.

இதில் தமிழர் பங்கைப் பார்த்தால் இன்னும் கோணலாக இருக்கிறது. மாட்டுங்காவின் தமிழ் நினைவுக்குக் காவல் உண்டு: 1932-ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-ல் தொடங்கிய சண்முகானந்தா சபா, கோயில்கள், விழா மலர்கள், கச்சேரிப் படங்கள். செம்பூரிலும் அப்படியே சபையும் கோயிலும் உண்டு. தாராவித் தமிழர் என்றால் மிஞ்சுவது 'நாயகன்', 'காலா' போன்ற சினிமாதான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிட்டார்கள். உப்புத் தோலைக் கழுவி, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, வளைந்த மரத்தின்மேல் போர்த்தி, இரண்டு கைப்பிடி வைத்த கத்தியால் மயிரையும் கொழுப்பையும் வழிப்பது அந்த வேலை. கத்தி கொஞ்சம் ஆழ இறங்கினால் தோல் கெடும், மேலோடினால் கொழுப்பு தங்கும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும். 1971-ல் மாடறுப்புக் கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்நாருக்குப் போனது. பதனிடும் பட்டறைகளும் போகப்போகக் குறைந்தன. இப்போது பதனிட்ட தோல் வெளியூரிலிருந்து வந்து இங்கே பையாகவும் பெல்ட்டாகவும் ஆகிறது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பழம்பொருள்களுக்குச் சென்னை எழும்பூர் மியூசியத்தில் இடம் கிடைத்து நூறாண்டுக்கு மேலாகிறது. அதே கரையிலிருந்து வந்தவர்களின் பிற்காலத்துக் கத்திக்கு எங்கும் ஓர் அலமாரி இல்லை.

உயிரோடிருக்கும் தொழிலை எதற்குக் கண்ணாடிக்குள் அடைப்பது என்று கேட்கலாம். பதனிடும் தொழிலே இங்கே ஏறக்குறைய உயிரோடில்லை என்பது ஒரு பதில். பைகுலா கண்ணாடிக்குள் வைத்தவையும் அந்நாளில் உயிரோடிருந்த தொழில்கள்தான் என்பது இன்னொன்று. வறுமையை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு மியூசியம் ஒரு சாக்காகிவிடும் என்ற கவலை இதைவிட நியாயமானது. ஆனால் வேடிக்கை ஏற்கெனவே நடக்கிறது. வழிகாட்டிகளின் பின்னால் சந்துகளில் சுற்றுகிறவர்கள், விடியற்காலையில் இட்லி வேகும் வீட்டு வாசலில் நின்று படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று முடிவுசெய்யும் அதிகாரம்தான் அந்த வீட்டாரிடம் இல்லை. தங்கள் கையில் ஒரு கூடம் இருந்தால் அந்த அதிகாரமாவது வரும்.

உண்மையில் கடினமான எதிர்ப்பு உள்ளேயிருந்து வரும். தோல் வேலை சாதியின் பெயரால் இழிவு சுமத்தப்பட்ட வேலை. பிள்ளைகளைப் படிக்கவைத்து அதிலிருந்து மீட்ட ஒரு குடும்பம், தாத்தாவின் கத்தியை ஊரார் பார்க்க வைக்க ஏன் சம்மதிக்க வேண்டும்? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பைகுலா பொம்மைகளைப் போல சாதிப் பெயர் எழுதிய அட்டையோடு வைப்பதாக இருந்தால் வைக்காமலிருப்பதே மேல். ஆனால் சாதியைச் சொல்லாமல் தொழிலின் அழகை மட்டும் காட்டினால் அதுவும் பொய். நாற்றமெடுக்கும் தொழில்கள் ஊருக்குள் கூடாது என்று வெள்ளையர் கால நகர நிர்வாகம் அவற்றை வடக்கு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனது. தாராவியின் சதுப்பு அப்படித்தான் தொழிற்பேட்டையானது. அந்த உத்தரவுகளையும் வரைபடங்களையும் கத்திக்குப் பக்கத்தில் வைத்தால், ஒரு குடும்பம் ஒளிக்க வேண்டிய விஷயமாக இருந்தது நகரம் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகும். பெயர் போடுவதா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் விருப்பம். பெயரே கேட்காமல் பொம்மை செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

காலம் நெருக்குகிறது என்பதால்தான் இதை இப்போது பேச வேண்டியிருக்கிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்ததைக் காட்டுகிறவருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு, மற்றவர்களுக்கு வெளியே. அதனால் பெட்டியடியில் கிடந்த ரேஷன் அட்டையும் மின்கட்டண ரசீதும் பள்ளிச் சான்றிதழும் வாடகைச் சீட்டும் வெளியே வந்திருக்கின்றன. எந்த ஆய்வாளர் கேட்டாலும் ஒரே நேரத்தில் இத்தனையையும் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்கள். வீட்டுக்காகத் திரட்டிய இந்தக் காகிதங்களில் யார் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்தப் பட்டறைக்கு வந்தார்கள் என்பதும் சேர்ந்தே இருக்கிறது. அலுவலகத்தில் கொடுக்கும் நகலோடு இன்னொரு நகலும் எடுத்து, தாராவியின் தமிழ்ச் சங்கங்களும் குயவர் சங்கங்களும் கோலிவாடா மீனவர்களும் தத்தம் பொறுப்பில் சேர்த்துவைத்தால் அந்த மியூசியத்தின் முதல் அலமாரி நிறைந்துவிடும். கட்டடத்துக்கு இடம் கேட்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.