கணியூர் வாய்க்காலும் நிலத்தீர்வையும்: கொங்குப் பகுதியில் வரியும் அரசுச் செலவும்

கணியூர், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் அமராவதி ஆற்றுப் பாசனப் பகுதியில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். அமராவதியின் பழைய பாசன அமைப்பில் உள்ள எட்டு ராஜவாய்க்கால்களுள் ஒன்று இவ்வூரின் பெயரைத் தாங்கியுள்ளது. கல்லாபுரம், ராமகுளம், குமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிப்புத்தூர், சோழமாதேவி, கடத்தூர், காரத்தொழுவு ஆகியவை மற்ற ஏழு. வாய்க்கால் நீர் பாய்ந்தால் நிலம் நஞ்சை, பாயாவிட்டால் புஞ்சை. அரசுக்குச் செலுத்த வேண்டிய வரியும் இந்த வேறுபாட்டைக் கொண்டே அமைந்தது. அரசு யாரிடம் வரி வாங்குகிறது, அதை எதற்குச் செலவிடுகிறது என்ற இரண்டு கேள்விகளின் வரலாற்றை இப்பகுதியில் தெளிவாகக் காணலாம்.

இரயத்துவாரி முறை

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்தது. அதற்கு முன்பே, 1792 முதல், பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஒரு வரிமுறையை உருவாக்கி வந்தனர். ஜமீன்தார் போன்ற இடைத்தரகர் இன்றி, உழவரிடமிருந்தே அரசு நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை அது. மன்றோ 1820இல் சென்னை மாகாண ஆளுநரானதும் அது பெரும்பாலான மாவட்டங்களுக்கு விரிந்தது.

இம்முறையில் உழவருக்குப் பட்டா கிடைத்தது. இடைத்தரகர் சுரண்டல் குறைந்தது. ஆனால் தொடக்ககாலத் தீர்வை மிகக் கடுமையானது. அதைக் கணிசமாகக் குறைக்க வேண்டும் என்று மன்றோவே வலியுறுத்தினார். மேலும், தீர்வை விளைச்சலுக்கு ஏற்ப ஏறி இறங்காமல் நிலத்தின் தரத்துக்கு ஏற்ப முன்கூட்டியே பணமாக நிர்ணயிக்கப்பட்டது. எனவே மழை பொய்த்தாலும் தானிய விலை சரிந்தாலும் இழப்பு உழவரைச் சேர்ந்தது. வரித் தள்ளுபடி கிடைப்பது அதிகாரிகளின் முடிவைப் பொறுத்திருந்தது. 1860களில்தான் நிகர விளைச்சலில் பாதிக்கு மேல் அரசு எடுக்கக்கூடாது, 30 ஆண்டுகளுக்கு ஒருமுறையே தீர்வையைத் திருத்த வேண்டும் என்ற விதிகள் நிலைபெற்றன.

வரிக்கு ஈடாகக் கிடைத்தது என்ன?

ஏரி, வாய்க்கால், அணை ஆகியவற்றைப் பேணுவது அரசின் கடமை என்ற எண்ணம் மக்களிடம் நெடுங்காலமாக இருந்தது. தூர்வாருதல் போன்ற சிறு வேலைகளை ஊரார் குடிமராமத்தாகச் செய்தனர். கம்பெனி ஆட்சியில் வசூல் ஒழுங்காக நடந்தது. பராமரிப்புக்குச் செலவிட்டதோ குறைவு. குடிமராமத்து தளர்ந்தபோது, அதைக் கட்டாயப்படுத்த 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பணமாக வரி செலுத்திய உழவர் உடலுழைப்பையும் தரவேண்டியதாயிற்று.

பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் கட்டிய அணைகள் வேறொரு பாடத்தைக் கற்பித்தன. நீர் கிடைத்ததும் விளைச்சல் பெருகியது. அரசின் வருவாயும் பெருகியது. பாசனத்துக்குச் செய்யும் செலவு வரியாகவே திரும்பி வரும் முதலீடு என்பதை அவை மெய்ப்பித்தன. ஆயினும் வருவாய் ஈட்டாது எனக் கருதப்பட்ட வறண்ட பகுதிகள் பின்தள்ளப்பட்டன. 1876–78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகே, இலாபம் தராவிட்டாலும் பஞ்சத்தைத் தடுக்கும் பாசனப் பணிகள் தேவை என்ற கருத்து வலுப்பெற்றது.

கிணறு, பருத்தி, பனியன்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை மாகாண அரசு ஒரு முக்கியமான கொள்கையை ஏற்றது. உழவர் தம் சொந்தச் செலவில் கிணறு வெட்டினால், அதைக் காரணம் காட்டிப் புஞ்சைத் தீர்வையை உயர்த்துவதில்லை என்பதே அது. உழைப்பாலும் முதலாலும் வரும் கூடுதல் விளைச்சல் உழவருக்கே என்ற உறுதி இதனால் கிடைத்தது. ஆற்றுப் பாசனம் குறைந்த கொங்குப் பகுதிக்கு இது பெரிதும் பொருந்தியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இங்கு வந்தது. நீண்ட இழை கொண்ட இந்த இரகம் கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்தது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும் அரவை ஆலைகளின் ஊராகவும் வளர்ந்து, பின்னர் பின்னலாடை நகரமாயிற்று. இதற்கு இரயில் பாதை, வணிகர் முயற்சி, தொழிலாளர் திறன் எனப் பல காரணங்கள் உண்டு. எனினும் அரசு வரி விதிக்காமல் விட்ட கிணற்றுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நிலவரியிலிருந்து விற்பனை வரிக்கு

1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. கள், சாராய வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டு விற்பனை 20,000 ரூபாயைத் தாண்டிய வணிகர்கள் அதில் அரை விழுக்காடு செலுத்தவேண்டும். அரசின் வருவாய் மெல்ல நிலத்திலிருந்து கடைவீதிக்கு இடம்பெயர்ந்தது.

விடுதலைக்குப்பின் செலவுப் பக்கமும் மாறியது. 1957இல் காமராசர் ஆட்சியில் அமராவதி அணை கட்டி முடிக்கப்பட்டது. 90 அடி உயரமும் ஏறத்தாழ 4 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட இவ்வணையால், கணியூர் உள்ளிட்ட பழைய வாய்க்கால்களுக்கு நீர் உறுதியானது. புதிய ஆயக்கட்டும் உருவானது. இதன் செலவை அப்பகுதி உழவரின் தீர்வை மட்டும் ஏற்கவில்லை. மாநிலத்தின் பொது வருவாய் ஏற்றது.

கிணற்றுப் பாசனத்திலோ காளைகளின் இடத்தை மின்மோட்டார் பிடித்தது. அதன்பின் நிலத்தீர்வையைவிட மின்கட்டணமே உழவருக்குப் பெரிய சுமையாயிற்று. கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், 1970 சூன் 19 அன்று திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். நாராயணசாமி நாயுடு தலைமையில் இயக்கம் தொடர்ந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் அறிவிக்கப்பட்டது. கிணற்றுக்கு வரி இல்லை என்ற பழைய கொள்கை, கிணற்று மின்சாரத்துக்கு அரசே பணம் செலுத்தும் நிலைக்கு நீண்டது. இதனால் சிறு விவசாயிகள் பிழைத்தனர். நிலத்தடி நீர் ஆழத்துக்குச் செல்லவும் இதுவே ஒரு காரணமாயிற்று.

சரக்கு மற்றும் சேவை வரி

2017 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இவ்வரி, பொருள் உற்பத்தியாகும் மாநிலத்துக்கு அன்றி நுகரப்படும் மாநிலத்துக்குச் சேர்கிறது. திருப்பூரில் தைத்த பனியன் தில்லியில் விற்றால் மாநிலப் பங்கு தில்லிக்கே செல்லும். உற்பத்தி மாநிலங்கள் இழப்பு அஞ்சியதால், ஆண்டுக்கு 14 விழுக்காடு வருவாய் வளர்ச்சியை உறுதிசெய்யும் இழப்பீடு ஐந்தாண்டுகளுக்கு வழங்கப்பட்டது. அது 2022 சூனில் முடிந்தது. ஏற்றுமதிக்கு வரி இல்லை; ஆனால் நூல், சாயமிடல் முதலியவற்றுக்குச் செலுத்திய வரியைப் பின்னரே திரும்பப் பெறமுடியும். அதுவரை சிறு நிறுவனங்களின் நடைமுறை மூலதனம் முடங்குகிறது.

இன்று நிலத்தீர்வை அரசு வருவாயில் மிகச் சிறிய பகுதி. ஆயினும் சூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டும், ஜமாபந்தியும், கிஸ்தி இரசீதும் நீடிக்கின்றன. நில அனுபவத்துக்குக் கிஸ்தி இரசீது சான்றாக விளங்குகிறது. அக்காலத்தில் உழவர் தாம் செலுத்திய தீர்வையின் அளவை அறிந்திருந்தார். அதனால் வாய்க்காலைத் தூர்வாரும்படி கேட்கவும் முடிந்தது. இன்று சோப்பு, செருப்பு, சட்டை என ஒவ்வொரு பொருளின் விலையிலும் வரி கலந்துள்ளது. நிலம் இல்லாத கூலித் தொழிலாளியும் வரி செலுத்துகிறார். எவ்வளவு என்பதைத்தான் அவர் அறிவதில்லை.