கிடைப்பதை வேண்டாம் என்பவன் முட்டாளா?

போன வருடம் ஒரு போட்டியில் எங்கள் நால்வர் அணிக்கு ஆயிரம் ரூபாய் பரிசு கிடைத்தது. பணம் அணித்தலைவன் கையில். ராத்திரி ஹாஸ்டலில் பங்கு பிரித்தபோது, இரண்டு நாள் உட்கார்ந்து போஸ்டர் வரைந்த நண்பனுக்கு நூறு ரூபாய் நீட்டினான். அவன் அதை வாங்கி, நான்காக மடித்து, தலைவனின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். "நூறு ரூபாய் சும்மாவா வருது? வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே" என்று நான்கூடச் சொன்னேன். பதில் இல்லை.

அப்புறம் நூலகத்தில் வேறு எதையோ தேடப்போய் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என் நண்பன் செய்த மாதிரியான காரியத்தை வைத்துக்கொண்டு பொருளாதாரக்காரர்கள் நாற்பது வருடத்துக்கு மேலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அந்தச் சண்டையின் கதைதான் இது.

முதலில் விளையாட்டு. உங்களுக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து 100 ரூபாய். பிரிப்பவர் நீங்கள். உங்களுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று ஒருமுறை சொல்லலாம். அவர் சரி என்றால் அதன்படியே பணம். வேண்டாம் என்றால் இரண்டு பேருக்கும் பூஜ்யம். பேரம் கிடையாது, மறுவாய்ப்பு கிடையாது. இதற்கு அல்டிமேட்டம் விளையாட்டு என்று பெயர். (ஹாஸ்டல் கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே நண்பன் மறுத்ததில் தலைவனுக்கு நூறு ரூபாய் லாபம். இங்கே மறுத்தால் பிரித்தவனும் காலி.)

எவ்வளவு கொடுப்பீர்கள்? மனதில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேம் தியரியின் பழைய விடை: ஒரு ரூபாய். எதிரில் இருப்பவர் பணத்தை மட்டுமே யோசிப்பவர் என்றால், ஒரு ரூபாய்க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு ரூபாயைத்தான் எடுப்பார். அது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு ரூபாய் போதும்.

இப்படி பேரத்தைக் கணக்காக மாற்றியதில் பெரிய பங்கு ஜான் நாஷுக்கு. 1950-ல் இருபத்தொரு வயதில் பேரம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி யோசித்து விடை காணும் முறைக்கு 1965-ல் உறுதியான வடிவம் கொடுத்தவர் ஜெர்மனியின் ரைன்ஹார்ட் செல்ட்டன். இருவரும் 1994-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இடையில் அமெரிக்காவில் சிட்னி சீகல் என்ற உளவியலாளரும் லாரன்ஸ் ஃபோரேக்கர் என்ற பொருளாதாரக்காரரும், ஆட்களை ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி உட்காரவைத்து, நிஜப் பணத்துக்குப் பேரம் பேசவிட்டு, 1960-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். சீகல் அடுத்த வருடமே இறந்துவிட்டார். அந்தப் பாதை கொஞ்ச காலம் அவ்வளவாக ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது.

இனி 1982. அந்த ஒரே வருடத்தில் இரண்டு கட்டுரைகள். ஒன்று ஏரியல் ரூபின்ஸ்டைன் எழுதியது. இருவர் மாறி மாறிப் பேரம் பேசினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சுத்தமான கணித விடை. இன்னொன்று ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் கூத்தும் அவருடைய இரண்டு சகாக்களும் செய்த சோதனை. ஒன்று மனிதர்கள் எப்படிப் பேரம் பேச வேண்டும் என்று சொன்னது; மற்றது எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தது.

கூத் குழு எடுத்துக்கொண்டது பொருளாதாரம் படிக்கும் மாணவர்களை. 21 ஜோடிகள். தொகை 4 முதல் 10 மார்க் வரை. 21 பேரில் 7 பேர் சரிபாதி கொடுத்தார்கள். சராசரியாகக் கொடுத்தது 37 சதவீதம். பொருளாதாரம் படிப்பவர்களே பெரும்பாலும் அந்த ஒரு ரூபாய் விடைப்படி செய்யவில்லை!

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் பட்டது அடுத்த வாரம். அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டு அதே விளையாட்டை விளையாடவிட்டார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்திருக்கிறார்கள் அல்லவா, கொடுப்பது 32 சதவீதமாகக் குறைந்தது. பாடப்புத்தகம் ஜெயிக்கப் போகிறது என்று நினைத்தால், எதிர்ப்பக்கத்தில் 'வேண்டாம்' என்று சொன்னவர்களின் எண்ணிக்கை முதல் வாரத்தைவிடக் கூடிவிட்டது. பிரித்தவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டு வந்தார்கள். பெற வந்தவர்கள் அவர்களுக்கு வேறு பாடம் எடுத்தார்கள்.

லண்டனில் கென் பின்மோர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. புதிதாக விளையாடுபவனுக்கு விளையாட்டே புரிந்திருக்காது, பழக்கதோஷத்தில் பாதி கொடுக்கிறான், அனுபவம் வந்தால் கணக்கு தானாக வரும் என்பது அவர் கட்சி. ஷேக்கெட், சட்டன் என்ற இருவரோடு சேர்ந்து 1985-ல் ஒரு மறுப்புக் கட்டுரை வெளியிட்டார். அவர்களுடைய விளையாட்டில் இரண்டு கட்டம். முதலில் 100 பென்ஸைப் பிரிக்க வேண்டும். எதிராளி மறுத்தால், இப்போது அவர் பிரிக்கலாம். ஆனால் தொகை 25 பென்ஸாகச் சுருங்கிவிடும். ஆக 25-க்கு மேல் எது கொடுத்தாலும் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. முதல் ஆட்டத்தில் வழக்கம்போலப் பாதியை ஒட்டியே நிறையப் பேர் கொடுத்தார்கள். பிறகு, இரண்டாவது ஆளாக இருந்தவர்களை முதல் ஆளாக்கி விளையாடச் சொன்னபோது, 25-ஐ ஒட்டி வந்து நின்றார்கள். பின்மோர் கட்சிக்கு வெற்றி!

ஆனால் விளையாட்டு விதிகள் அச்சடித்த தாளில், முடிந்தவரை அதிகப் பணம் ஜெயிக்கப் பார்த்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும் என்று கொட்டை எழுத்தில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். பரீட்சைத் தாளிலேயே விடையை அச்சடித்துக் கொடுத்தால் எல்லோரும் பாஸ்தானே :-) 1988-ல் பிரின்ஸ்டனில் வேறு சிலர் இதே மாதிரி விளையாட்டை மூன்று கட்டம், ஐந்து கட்டம் என்று நீட்டிப் பார்த்தபோது கோட்பாட்டுக் கணக்கு மறுபடி கவிழ்ந்தது.

சரி, பாதி கொடுப்பவர்கள் எல்லாம் தர்மவான்களா? அதுவும் இல்லை. இரண்டாவது ஆளுக்கு மறுக்கும் உரிமையே இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்று ராபர்ட் ஃபோர்சைத் குழு பார்த்தது (1994). அங்கே கொடுக்கும் தொகை நன்றாகவே இறங்கியது. அடியோடு பூஜ்யத்துக்குப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் மனசு, மிச்சம் பயம்.

இந்த பயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த விடை ஆல்வின் ராத்திடம் இருக்கிறது. 1991-ல் வெளியான ஆய்வில், ஜெருசலேம், லூப்லியானா, பிட்ஸ்பர்க், டோக்கியோ என்று நான்கு ஊர்களில் ஒரே விளையாட்டைப் பத்துச் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் புது எதிராளியோடு நடத்தினார்கள். பிட்ஸ்பர்க்கிலும் லூப்லியானாவிலும் பாதி என்பது பழக்கமாகி நின்றது. டோக்கியோவில் அதைவிடக் குறைவு, ஜெருசலேமில் இன்னும் குறைவு. அப்படியானால் ஜெருசலேமில் மறுப்புகள் குவிந்திருக்க வேண்டுமே? குவியவில்லை. குறைவாகக் கொடுக்கும் ஊரில் குறைவாக வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார்கள். ஊருக்கு ஊர் மாறியது முரட்டுத்தனம் இல்லை, 'இவ்வளவுதான் நியாயம்' என்கிற எண்ணம்.

அதே நான்கு ஊர்களில் இன்னொரு விளையாட்டும் நடந்தது. ஒன்பது பேர் வாங்குபவர்கள், ஒரே ஒருவர் விற்பவர். இங்கே எல்லா ஊரிலும் சில சுற்றுகளிலேயே விற்பவர் கைக்கு ஏறக்குறைய முழுப் பணமும் போய்விட்டது, கோட்பாடு சொன்னபடியே. ஒன்பது பேரில் ஒருவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? மற்ற எட்டுப் பேர் இருக்கிறார்களே.

பிறகு 1995-ல் ராத்தும் இஸ்ரேலின் இடோ எரெவும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி செய்தார்கள். அதில் இருக்கும் 'ஆட்களுக்கு' நியாயம், கோபம் எதுவும் தெரியாது. எது முன்பு பலன் கொடுத்ததோ அதை அடுத்த முறை இன்னும் அதிகமாகச் செய்வார்கள், அவ்வளவுதான். 100-ல் 10 கொடுக்கிறான் ஒருவன். எதிராளி மறுக்கிறான். மறுத்தவனுக்கு நஷ்டம் 10. பிரித்தவனுக்கு நஷ்டம் 90. அடி பலமாக விழுந்தவன் சீக்கிரம் கற்றுக்கொள்வான். லேசாக விழுந்தவன் மெதுவாகத்தான் கற்றுக்கொள்வான். 'பத்து ரூபாயாவது வாங்கிக்கொள்ளலாம்' என்று பெறுபவன் கற்றுக்கொள்வதற்குள், 'பத்து கொடுத்தால் வேலைக்கு ஆகாது' என்று பிரிப்பவன் கற்றுக்கொண்டுவிடுகிறான்.

இதைப் படித்தபோதுதான் என் நண்பனைப் பற்றி நான் நினைத்தது மாறியது. மறுக்கிறவன் கையிலிருந்து பத்து ரூபாய் போகிறது. அது திரும்ப வராது. ஆனால் பிரித்தவன் அடுத்த முறை யாரோடு விளையாடினாலும் முப்பது, நாற்பது என்று ஆரம்பிப்பான். அந்தப் பலன் போய்ச் சேருவது இவன் முகமே பார்க்காத ஒருவருக்கு. எங்கள் தலைவன் இந்த வருடம் பெயர் கொடுக்கும் முன்பே பங்கைப் பேசி முடித்துவிட்டான்: ஆளுக்குக் கால். போஸ்டர் வரைய வந்திருப்பது ஒரு முதலாமாண்டுப் பையன்.

1996-ல் ஜோசஃப் ஹென்ரிக் என்ற மானுடவியல் மாணவர் இந்த விளையாட்டைத் தூக்கிக்கொண்டு பெருவின் அமேசான் காட்டுக்குப் போனார். மச்சிகுவெங்கா மக்களிடம் விளையாடியபோது சராசரியாகக் கொடுத்தது 26 சதவீதம். அதிகம் பேர் கொடுத்தது வெறும் 15. மறுத்தது 21 பேரில் ஒரே ஒருவர். அதற்குப் பிறகு ஒரு பெரிய குழு 15 சிறு சமூகங்களில் இதை நடத்தியது. இந்தோனேசியாவின் லாமலேரா திமிங்கல வேட்டைக்காரர்கள் சராசரியாகப் பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள். ஒரு திமிங்கலத்தைப் படகுபடகாகப் பங்கு பிரிக்க அவர்களிடம் நுணுக்கமான விதிகளே உண்டு. பப்புவா நியூகினியின் அவ், க்னாவ் மக்களோ பாதிக்கு மேல் கொடுத்தாலும் சில சமயம் வேண்டாம் என்றார்கள். கேட்காமல் வரும் பெரிய அன்பளிப்பு அங்கே கடன் மாதிரி. வாங்கினால் என்றைக்கோ திருப்பிச் செய்யவேண்டும். நம் கல்யாண மொய் நோட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

மூளையையும் விடவில்லை. 2003-ல் ஆலன் சான்ஃபியும் குழுவினரும் 19 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து விளையாடவிட்டார்கள். அநியாயமான பங்கு வரும்போது, அருவருப்போடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் இன்சுலா என்ற பகுதி கூடுதலாக இயங்கியது. அதே அநியாயத்தைக் கம்ப்யூட்டர் செய்தால் அவ்வளவு மறுப்பு இல்லை. 2007-ல் லைப்சிக்கில் சிம்பன்சிகளை விளையாடவிட்டபோது, உலர்திராட்சை கொஞ்சமாக வந்தாலும் பெரும்பாலும் வாங்கிக்கொண்டன. பாடப்புத்தக மனிதனைத் தேடிப் போனவர்களுக்குக் கடைசியில் அவன் மிருகக்காட்சிசாலையில் கிடைத்தான்!

இவ்வளவு படித்தும் ஒரு கேள்வி பாக்கி. எல்லாம் பத்து டாலர், பத்து மார்க் விவகாரம்தானே, நிஜமாகவே பெரிய தொகை என்றால்? லிசா கேமரன் இந்தோனேசியாவில் நடத்திய சோதனை 1999-ல் வெளிவந்தது. தொகை, பங்கேற்றவர்களின் சராசரி மாதச் செலவைப்போல மூன்று மடங்கு வரை. பிரிப்பவர்கள் பெரிதாக மாறவில்லை. பெறுபவர்கள் மட்டும் கொஞ்சம் இளகினார்கள்.

அடுத்தது நம் நாட்டிலேயே. ஸ்டெஃபன் ஆண்டர்சன், யூரி நீசி, ஜான் லிஸ்ட் உள்ளிட்ட ஐவர் குழு வடகிழக்கு இந்தியக் கிராமங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்டது. தொகை 20, 200, 2,000, 20,000 ரூபாய். முதலாவது ஒன்றரை மணிநேரத்துக்குச் சற்று மேலான கூலி. கடைசியானது 1,600 மணிநேரக் கூலி. குறைவாகக் கொடுக்கும் பக்கம் பிரிப்பவர்களைச் சாய்ப்பதுபோல விளக்கத்தையும் அமைத்திருந்தார்கள், குறைந்த பங்குக்கு என்ன பதில் வருகிறது என்று பார்க்கவேண்டும் என்பதற்காக. 20 ரூபாயில் அற்பப் பங்கு வந்தபோது கணிசமானவர்கள் மறுத்தார்கள். தொகை ஏற ஏற மறுப்பு இறங்கியது. 20,000 ரூபாய் விளையாட்டில் 24 பேரில் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான்.

போன வாரம் இதை நண்பனிடம் சொன்னேன். அவன் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கொஞ்சநேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நூறு ரூபாய்ங்கிறதாலதான்டா திருப்பிக் குடுத்தேன். பத்தாயிரம்னா வாயை மூடிக்கிட்டு வாங்கியிருப்பேன்."