உருட்டா, சுருளா?

1982இல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணிப்பொறிக்கு ஒரு பழக்கம் உண்டு. வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். 22 வரி நிரம்பியதும் நின்றுகொண்டு திரையின் அடியில் 'ஸ்க்ரோல்?' என்று கேட்கும். முந்தைய ஆண்டு வந்த இசட்எக்ஸ்81 இப்படிக் கேட்கக்கூட மாட்டாது. 'ஸ்க்ரோல்' என்ற கட்டளையை நிரலில் நாமே எழுதிவைக்க வேண்டும். விட்டுவிட்டால் திரை நிரம்பியதும் பிழை எண் 5 காட்டிப் படுத்துவிடும். புனேயில் டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த 'டிபி ஸ்பெக்ட்ரம்' வழியாக அந்தக் கேள்வி இந்திய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

அந்த ஆங்கிலச் சொல்லே ஒட்டுப்போட்டது. பழைய பிரெஞ்சில் 'எஸ்க்ரோ' என்றால் தோல்தாளில் கிழித்த துண்டு. அதன் வாலில் 'ரோல்' என்ற ஒலி பிற்பாடு ஏறிக்கொண்டது. 'ரோல்' லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா'விலிருந்து கிளைத்தது. இந்தப் பின்பாதி நமக்குப் பழக்கமானதுதான்: 'உருள்' என்பது பழந்தமிழில் தேர்ச்சக்கரத்தின் பெயர்.

தமிழாக்கம் செய்பவர்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன, சுருள், உருள். ஸ்க்ரோல் என்றால் சுருட்டிய ஏடு என்று எண்ணியவர்கள் முதலாவதை எடுத்தார்கள். ஆனால் தமிழ்ச் சுருளின் வாழ்க்கை வேறு. வெற்றிலைச் சுருள், காதில் செருகும் ஓலைச்சுருள், சேதி கொண்டுபோகும் ஓலைச்சுருள், சினிமா வந்தபின் படச்சுருள். நெல்லைப் பக்கம் கல்யாண வீட்டில் 'சுருள்' என்றால் மாப்பிள்ளைக்கு வைக்கும் பணம். நூல் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. அது துளையிட்டுக் கயிறு கோத்த ஏட்டுக்கட்டு.

மைசூரில் இதற்குப் பெயர்பெற்ற சான்று உண்டு. 1891இல் தொடங்கிய அங்குள்ள கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் 1905இல் கொடுத்த ஓலைக்கட்டில்தான் அர்த்தசாஸ்திரம் இருந்தது. கிரந்த எழுத்தில் இருந்த அதை ஆர். சாமா சாஸ்திரி அடையாளம் கண்டு 1909இல் பதிப்பித்தார். அந்த ஏடுகளைப் புரட்டத்தான் முடியும்.

மைசூர்ச் சீமையில் இன்னொரு எழுதுபொருளும் இருந்தது. என் கணக்கில் கணிப்பொறித் திரைக்கு மிக நெருங்கிய சொந்தம் அதுதான். பெயர் 'கடத'. எட்டு அங்குலம் முதல் ஓர் அடி வரை அகலம், பன்னிரண்டு முதல் பதினெட்டு அடி நீளம் கொண்ட பருத்தித் துணி. இரு பக்கமும் பசையும் கரித்தூளும் பூசிக் காயவைப்பார்கள். பிறகு வெட்டாமல் விசிறிபோல மடித்து, இரு முனையிலும் பலகை கட்டுவார்கள். பலப்பத்தால் எழுதலாம், அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம். மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810இல் வெளியிட்ட வரலாற்று நூலில் இதை விவரித்திருக்கிறார். கறுப்புப் பரப்பு, வெள்ளை எழுத்து, முறியாமல் ஓடும் நீளம், அழிக்கிற வசதி! வணிகர்கள் கணக்கு எழுதியது இதில்தான். கன்னடத்தில் 'கடத' இன்று அலுவலகக் கோப்புக்கும் கணிப்பொறிக் கோப்புக்கும் பெயர். தெலுங்கின் 'கடிதமு', நம் 'கடிதம்' எல்லாம் இதற்கு உறவு. பசையிட்ட துணி என்ற பொருள் அகராதியில் இன்னும் கிடக்கிறது.

கன்னடத்திலும் சுருளி, உருளு என்று அதே இரட்டை உண்டு. நாம் அங்கப்பிரதட்சிணம் என்பதை அவர்கள் உருளுசேவை என்பார்கள்.

எது பொருந்தும் என்பதை இயந்திரத்தின் உள்ளே பார்த்தால் தெரியும். 1984இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணிப்பொறியில் திரை நகரும்போது எழுத்து எதுவும் இடம் மாறுவதில்லை. படத்தை நினைவகத்தின் எந்த முகவரியிலிருந்து காட்டத் தொடங்குவது என்பதை 6845 என்ற சில்லு வைத்திருக்கும். அந்த எண்ணை ஒரு வரி தள்ளிவைத்தால் போதும், திரை முழுவதும் மேலே ஏறிவிடும். நினைவகத்தின் கடைசியைத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. அதாவது அது ஒரு சக்கரம், அசல் உருள். ஸ்பெக்ட்ரத்தில் அந்த வசதி இல்லை. திரையின் 6,912 பைட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சுமக்க வேண்டும். பைட்டுக்குச் செயலியின் கடிகாரத் துடிப்பு 21 என்றால் மொத்தம் 1,45,152. திரை ஒருமுறை வரையப்படும் நேரமோ 69,888 துடிப்புதான். அதனால்தான் அதன் விளையாட்டுகள் பலவற்றில் காட்சி விக்கிவிக்கி நகரும், அல்லது சின்னச் சன்னலுக்குள் அடங்கிக்கொள்ளும். கமடோர் 64 கணிப்பொறி படத்தை எட்டுப் புள்ளிக்குள் நைசாக நகர்த்தும். பிறகுதான் எழுத்துகளை ஒரு கட்டம் தள்ளும். ஓரத்தில் தெரியும் ஒட்டை மறைக்க 40 பத்தியை 38 ஆகச் சுருக்கிக்கொள்ளும்.

நகராததை நகர்ந்ததாகக் காட்டும் இந்த வேலைக்கு 'உருட்டு' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 'உருட்டும் புரட்டும்' என்று ஏமாற்றுக்குச் சேர்த்தே பெயர் வைத்தவர்கள் நாம். இன்றைய இளவட்டம் 'சும்மா உருட்டாதே' என்பதும் அதே பொருளில்தான்.

பேச்சில் நிலவுவதோ 'ஸ்க்ரோல் பண்ணு'. செல்பேசி வந்தபின் 'தள்ளு'. இதில் ஒரு வேடிக்கை: அடுத்த பத்தியைப் படிக்க மவுஸின் சக்கரத்தைக் கீழ்நோக்கி உருட்டிப் பழகியவர்கள், செல்பேசியில் விரலால் மேலே தள்ளுகிறார்கள். 2011இல் ஆப்பிள் தன் மேக் கணிப்பொறிகளின் சக்கரத்தையும் விரலின் திசைக்கே மாற்றி, அதற்கு 'இயல்பான' ஸ்க்ரோல் என்று பெயரும் வைத்தது.